அரைப் பேர்

கம்பஸிலிருந்து வந்த பஸ்லியா என்ற பிள்ளை
என் இடது மணிக்கட்டில் ஒரு பட்டியைக் கட்டினாள்.
குளிக்கும்போதும் கழற்ற வேண்டாம், அக்கா.
ஏழு நாள்.
அதே காலை ஹட்டனில்
புடைவைக் கடைக் கல்லாவுக்குப் பின்னால்
யோகேஸ்வரியின் கையிலும் ஒன்று.

எங்களுக்கு நாற்பத்தாறு வயது.
இருபது நிமிடம் அவள் மூத்தவள்.
ஒரே முகம், ஒரே இடத்தில் சொத்தைப் பல்.
ஒரே கரு இரண்டாகப் பிரிந்ததாம்.
பிள்ளை அதைத் தாளில் வரைந்து காட்டியபோது
ரொட்டி மாவைப் பிய்த்து வைத்ததுபோல் இருந்தது.

படிவத்தில் முதல் கேள்வி:
நடப்பது உங்களுக்குப் பிடிக்குமா?
ஆம். இல்லை. சில வேளை.
இருபத்தெட்டு வருடமாகப்
பிரட்டுக்களத்தில் என் பேரைக் கூப்பிட்ட எவரும்
கேட்காத கேள்வி.
ஞாயிறுவரை தவணை கேட்டேன்.

திங்கள் பதினேழாம் நம்பர் மலை.
சரிவு, சேறு, அட்டை,
கானைத் தாண்டினால் மறுபடி சரிவு.
கொழுந்து நிறுக்கும் தராசுக்கு என் கால் தெரியாது,
பட்டிக்கு என் கூடை தெரியாது.
பட்டியில் பதினெட்டாயிரம் அடி.
தராசில் பதினாறு கிலோ.
இரண்டு கிலோ குறைவு:
அரைப் பேர்.

செவ்வாய் மழை. புதன் மழை.
வியாழன் அவள் போனில் சிரித்தாள்.
மூவாயிரத்துச் சொச்சமாம், அதிலும் பாதி
சோற்றுப் பார்சலுக்குப் படியிறங்கியது.
முதலாளி ஸ்டூலை விட்டு எழும்ப விடமாட்டார்.
மேசைக்குக் கீழே கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்குமாம்
தையல் மெஷின் மிதிப்பதுபோல.
எனக்கும்தான், படுத்த பிறகு.
என் புருஷனைக் கேளுங்கள்.

ஓர் ஆள் எவ்வளவு அசைவது என்பதில்
பாதி மரபணுவில் இருக்கலாம் என்றாள் பிள்ளை.
சரியாகப் பாதிதானா என்று
ஆராய்ச்சிக்காரர்களுக்குள்ளேயே சண்டையாம்.
பாதி என்றால் எங்களுக்கு இங்கே வேறு கணக்கு.
மற்றப் பாதியை யார் எழுதுவது என்றேன்.
கணக்கப்பிள்ளை துண்டுக் கட்டோடு
அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்.

மாதம் கழித்து ஒரு படம் கொண்டுவந்தாள்.
பச்சைக் கோடு நான், சிவப்பு அவள்.
ஆறு நாளும்
மலையும் மடுவுமாய்ப் பிரிந்து கிடந்தவை
ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு
ஒன்றையொன்று தொட்டு
ஐந்துவரை சேர்ந்தே ஏறியிருந்தன.
லீவு நாளில்தான், அக்கா, அது வெளியே தெரியும்.
பிள்ளையின் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

கெடுக்க மனமில்லை. ஆனாலும் சொன்னேன்.
அன்று லயத்துக் குழாய் வெடித்தது.
குடத்தோடு பீலிக்கு ஐந்து நடை போனேன்.
அவளுக்கு அன்று அத்தானோடு சண்டை.
செருப்பை மாட்டிக்கொண்டு
சிங்கமலைச் சுரங்க வாய்வரை போய்த் திரும்பினாள்.
குழாயும் சண்டையும் ஒரே கருவில் பிறந்ததா?

பிள்ளை பேனாவை மூடினாள்.

பிறகு நானேதான் யோசித்தேன்.
குழாய் பன்னிரண்டு காம்பராவுக்கும்தான் வெடித்தது.
ஆறாம் காம்பரா சரோஜினிதேவி
கட்டிலில் இருந்தபடியே மகனை அனுப்பினாள்.
எனக்கும் மகன் இருந்தான்,
வாசலில், போனும் கையுமாக.
இன்னொன்று.
மூன்றாம் நடையிலேயே வாளி, அண்டா எல்லாம் நிறைந்துவிட்டன.
நாலாவதும் ஐந்தாவதும்
மூடுபனி இறங்கிய பாதையில்
கூடை இல்லாத முதுகோடு
வெறுங்குடத்தைக் கொண்டுபோய்
வெறுங்குடத்தையே கொண்டுவந்தேன்.
இதைப் பட்டி அடி அடியாக எண்ணியிருக்கிறது.
குடம் காலி என்பது அதற்குத் தெரியாது.

அந்தப் படிவம் இன்னும் இருக்கிறதா என்றேன்.
பையைக் கிளறி எடுத்துத் தந்தாள்.
பேனாவைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தேன்.
ஆம். இல்லை. சில வேளை.
ஞாயிறு என்று ஒரு பெட்டி இல்லை.